புகைக்குள் கொண்டு செல்லும் டோர்ச்: வாங்கிப் பராமரித்த அனுபவம்

கொழும்பு புறக்கோட்டையில் இரண்டு நிலக்கீழ்த் தளங்களும் ஒன்பது மாடிகளும் கொண்ட ஒரு வர்த்தகக் கட்டடத்தின் அவசரநிலைக் குழுவுக்கு வேண்டிய உபகரணங்களைத் தெரிவுசெய்து வாங்குவதும், அவற்றைப் பழுதில்லாமல் வைத்திருப்பதும் சில வருடங்களாக என் பொறுப்பில் இருக்கின்றன. எங்கள் குழுவில் இருப்பவர்கள் தீயணைப்புப் படையினர் அல்லர். கணக்குப் பிரிவு, களஞ்சியம், பராமரிப்பு, பாதுகாப்பு எனப் பல பகுதிகளில் வேலை செய்துகொண்டே பயிற்சி பெற்றவர்கள். தீ என்று தெரிந்ததும் 110 இலக்கத்துக்கு அழைப்பதும், ஆட்களைப் படிக்கட்டு வழியாக இறக்குவதும், புகை கனக்காத தளங்களில் கழிவறை, களஞ்சிய அறை, சாப்பாட்டு அறை என ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து எவரும் எஞ்சவில்லை என்று உறுதிசெய்வதும், தீயணைப்பு வாகனம் வந்து சேர்ந்தபின் நீர்க்குழாய் இணைப்பும் மின் துண்டிப்பும் எங்கே இருக்கின்றன என்று காட்டிக்கொடுப்பதுமே எங்கள் வேலை. இந்த வேலைக்குத் தலைக்கவசம், மேலங்கி, கையுறை, சப்பாத்து ஆகியவற்றோடு ஆளுக்கொரு டோர்ச்சும் வேண்டும். கொள்வனவுப் பட்டியலில் மற்ற எல்லாப் பொருள்களுக்கும் தரக்குறிப்பு விரிவாக எழுதப்பட்டிருக்கும். டோர்ச்சுக்கு நேரே மட்டும் "நல்லதாக 10" என்று இருக்கும். அந்த நல்லதை எதை வைத்து முடிவுசெய்வது என்பதைப் பற்றியே இங்கே எழுதுகிறேன்.

கடையில் முதலில் கண்ணில் படுவது லூமன், அதாவது டோர்ச் வெளிவிடும் ஒளியின் அளவைச் சொல்லும் எண்தான். 2022ஆம் ஆண்டில் இலங்கையில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டபோது, சார்ஜ் செய்யும் டோர்ச்சுகள் நடைபாதைக் கடைகள் வரை குவிந்து கிடந்தன. சமையலறையில் சோறு வடிப்பதற்கும் பிள்ளைகள் மேசையில் பாடம் படிப்பதற்கும் வெளிச்சம் அறை முழுவதும் பரவினால் போதும். அந்தத் தேவைக்காகச் செய்யப்பட்ட டோர்ச்சுகளே இன்றும் சந்தையில் அதிகம் கிடைக்கின்றன. முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு கடைக்காரர் ஓர் அலுமினிய டோர்ச்சை நீட்டி, "தம்பி, இதுல பத்தாயிரம் லூமன் இருக்கு, இதவிட வெளிச்சம் கொழும்புல எடுக்க ஏலாது" என்றார். "நானா, உள்ளுக்கு எத்தன பற்றரி போகுது?" என்று கேட்டேன். 18650 என்ற உருளை வடிவ லிதியம் அயன் பற்றரி ஒன்று என்றார். அத்தகைய பற்றரி 3.7 வோல்ற்றில் ஏறத்தாழ 3 அம்பியர் மணி கொள்ளும். அதாவது சுமார் 11 வாட் மணி மின்சாரம். எல்.இ.டி. ஒரு வாட்டுக்கு 100 முதல் 150 லூமன் வரை தருவதாக வைத்துக்கொண்டாலும் 10,000 லூமனுக்கு ஏறத்தாழ 67 வாட்டாவது வேண்டியிருக்கும். அப்படி எரிந்தால் பற்றரி பத்து நிமிடத்தைத் தாண்டாது, அந்தச் சூட்டைச் சிறிய கைப்பிடியும் தாங்காது. பெட்டியில் அச்சிட்ட எண்ணை இப்படி மனக்கணக்கில் சரிபார்த்தாலே பாதி டோர்ச்சுகள் தாமாகக் கழிந்துவிடும். கடைக்காரரிலும் பிழை சொல்ல முடியாது. பெட்டியில் இருப்பதைத்தான் அவரும் வாசிக்கிறார்.

எண் உண்மையாகவே இருந்தாலும், புகைக்குள் லூமன் பெரிதாக உதவுவதில்லை. எங்களுக்குப் பயிற்சி தருபவர் ஓய்வுபெற்ற தீயணைப்பு அதிகாரி. அவரை எல்லாரும் சேர் என்றே அழைப்போம். அவர் ஒரு சனிக்கிழமை கீழ்த்தளத்து வாகனத் தரிப்பிடத்தின் விளக்குகளை அணைத்துவிட்டு, மேடை நிகழ்ச்சிகளில் பயன்படுத்தும் புகை இயந்திரத்தை ஓடவிட்டு, தூண்களில் மஞ்சள் வர்ணத்தால் எழுதியிருக்கும் இலக்கங்களைத் தேடி வாசிக்கச் சொன்னார். முதலில் கொடுத்தது 1,000 லூமன் என்று குறிப்பிட்ட, ஒளி அகலமாகப் பரவும் டோர்ச். அதை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்தபோது என் கையுறையின் தையல் வரைக்கும் துல்லியமாகத் தெரிந்தது. அதற்கு அப்பால் முழுவதும் பால் வெள்ளை. இரண்டாவதாகக் கொடுத்தது 200 லூமனும் இல்லாத, தலை வளைந்த டோர்ச். அதன் ஒளி கோல் போல ஒரே நேராகச் சென்று, அதன் முனையில் தூணின் ஒரு பட்டையையும் அதிலிருந்த மஞ்சள் இலக்கத்தையும் காட்டியது. பிறகு சேர் முதல் டோர்ச்சையே வாங்கி, "தம்பி, இப்ப பாருங்க" என்று முழங்கால் மட்டத்துக்கு இறக்கிப் பிடித்தார். இலக்கம் தெரியவில்லை, ஆனால் தரையும் தூணின் அடியும் ஓரளவு புலப்பட்டன.

இதற்கான காரணம் எளிது. புகையில் மிதக்கும் துகள்களிலும் நீராவித் துளிகளிலும் பட்டு ஒளி எல்லாத் திசைகளிலும் சிதறுகிறது. அவ்வாறு சிதறும் ஒளியில் ஒரு பங்கு நம் கண்ணுக்கே திரும்பி வருகிறது. கற்றை அகலமாக இருக்க இருக்க, கண்ணுக்கு முன்னால் ஒளியூட்டப்படும் புகையின் அளவு கூடுகிறது. டோர்ச் கண்ணுக்கு அருகில் இருக்க இருக்க, திரும்பி வரும் ஒளியும் கூடுகிறது. நுவரெலியாவுக்கு ஏறும் வீதியில் மூடுபனிக்குள் வாகனத்தின் உயர் விளக்கைப் போட்டுப் பார்த்தவர்கள் இதை அறிவார்கள். பயிற்சிப் புகை வெறும் வெண்ணிறத் துளிகளால் ஆனது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக்கும் றப்பரும் துணியும் எரியும்போது வரும் கரும்புகையில் உள்ள கரித்துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதோடு விழுங்கவும் செய்வதால், உண்மைத் தீயில் எந்த டோர்ச்சும் பயிற்சியில் காட்டியதைவிடக் குறைவாகவே காட்டும். பயிற்சியில் தடுமாறும் டோர்ச்சை வாங்கவே வேண்டாம் என்பதற்கு இது போதிய காரணம்.

ஆகவே பெட்டியில் முதலில் தேட வேண்டியது கன்டெலா எண். லூமன் என்பது டோர்ச்சிலிருந்து வெளிவரும் மொத்த ஒளி. கன்டெலா என்பது கற்றையின் நடுவில், ஒரே திசையில் அது எவ்வளவு செறிந்திருக்கிறது என்பதன் அளவு. அமெரிக்காவில் 2009ஆம் ஆண்டு வெளிவந்த அன்சி எஃப்.எல்.1 என்ற தரநிலையைப் பின்பற்றும் உற்பத்தியாளர்கள் இந்த இரண்டையும், கற்றை செல்லும் தூரத்தையும், எரியும் நேரத்தையும், விழுந்தால் தாங்கும் உயரத்தையும், நீர் எதிர்ப்பையும் சிறு சிறு படக்குறிகளாகப் பெட்டியில் அச்சிடுகிறார்கள். தூரம் என்று அதில் சொல்லப்படுவது ஒளி 0.25 லக்ஸாக (லக்ஸ் என்பது ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அளவு) குறையும் இடம். அது தெளிந்த வானத்தில் முழுநிலவு தரும் வெளிச்சத்துக்கு ஏறத்தாழச் சமம். கன்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் அந்தத் தூரம் மீற்றரில் கிடைத்துவிடும்: 2,500 கன்டெலாவுக்கு 100 மீற்றர், 10,000க்கு 200 மீற்றர், 40,000க்கு 400 மீற்றர். கீழ்த்தளத்தில் 400 மீற்றர் எங்கே இருக்கிறது என்று நிதிப் பிரிவில் ஒருவர் கேட்டார்; நியாயமான கேள்விதான். அந்தத் தூரம் நமக்குத் தேவையில்லை. அவ்வளவு தூரம் செல்லக்கூடிய செறிவு இருந்தால்தான் புகைக்குள் சில மீற்றராவது எட்டும் என்பதற்காகவே அந்த எண்ணைப் பார்க்கிறோம். குறைந்த லூமனும் உயர்ந்த கன்டெலாவும் ஒரே பெட்டியில் இருந்தால் அதைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். அதிக லூமனை மட்டும் அச்சிட்டு, கன்டெலாவைப் பற்றி ஒன்றும் சொல்லாத பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அதே பெட்டியில் உள்ள எரியும் நேரத்தையும் நிதானமாக வாசிக்க வேண்டும். அந்தத் தரநிலையின்படி, டோர்ச்சைப் போட்டு 30 விநாடி கழித்துத் தொடங்கி, ஒளி ஆரம்ப அளவில் 10 சதவீதமாகக் குறையும் வரை செல்லும் நேரமே எரியும் நேரம். அதாவது "10 மணித்தியாலம்" என்று இருந்தால் பத்தாவது மணியில் பத்தில் ஒரு பங்கு வெளிச்சம்தான் எஞ்சியிருக்கும். இடையில் அது எப்படிக் குறைகிறது என்பதைப் பெட்டி சொல்லாது. மலிவான டோர்ச்சுகள் முதல் சில நிமிடங்களுக்குப் பிரகாசமாக எரிந்து, சூடேறியதும் தாமாகவே ஒளியைக் குறைத்துக்கொள்கின்றன. அவை கெட்டுப்போனதால் அவ்வாறு நடப்பதில்லை, எல்.இ.டி.யைக் காப்பாற்றுவதற்காக அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். ஏற்கெனவே சூடான இடத்துக்குள் அதைக் கொண்டுபோனால் இன்னும் விரைவில் மங்கும். எனவே எந்த மாதிரியையும் மொத்தமாக வாங்குவதற்கு முன் ஒன்றை மட்டும் வாங்கி, முழுமையாக ஏற்றி, சுவரை நோக்கி எரியவிட்டு, அரை மணிக்கொரு தடவை தொலைபேசியில் ஒரே அமைப்பில் படம் எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்போம். இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை.

வடிவத்தைப் பொறுத்தவரை, தலை செங்கோணமாக வளைந்த டோர்ச்தான் மேலங்கியோடு பொருந்துகிறது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க இராணுவம் பயன்படுத்திய டி.எல்.122 டோர்ச்சும் இதே வடிவம்தான். மார்பில் கொளுவிவிட்டு இரண்டு கைகளையும் வேலைக்கு விடலாம் என்பதே அன்றும் இன்றும் அதன் பயன். மார்பில் இருக்கும்போது ஒளி கண்மட்டத்துக்குக் கீழே இருந்து புறப்படுவதால் புகையில் பட்டுத் திரும்பும் ஒளியால் கண்முன் உண்டாகும் வெண்திரையும் குறைகிறது. ஆனால் தவழ்ந்து செல்லும்போது அதே டோர்ச் நம் இரண்டு கைகளுக்கும் நடுவே தரையையே காட்டிக்கொண்டிருக்கும். சூடான புகை மேலே திரள்வதால் புகைக்குள் தவழ்ந்துதான் செல்ல வேண்டும்; தரையோடு ஒட்டிய ஓர் அடி, இரண்டு அடி உயரத்தில்தான் கொஞ்சம் தெளிவு இருக்கும். ஆகவே கொளுவி ஒரே இழுப்பில் கழலக்கூடியதாகவும், டோர்ச் ஒரு சிறு கயிற்றால் மேலங்கியோடு பிணைக்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும். கழற்றிக் கையில் பிடித்துத் தரையோடு ஒளியை ஓட்டிப் பார்த்துவிட்டு, கைவிட்டாலும் அது தொலையாது. அந்தக் கயிறு முழங்கைக்கு மேல் நீளக்கூடாது. கதவுக் கைபிடியிலும் தட்டு அடுக்குகளின் முனையிலும் சிக்குவது நீளமான கயிறுதான்.

தலைக்கவசத்தில் பொருத்தும் சிறிய விளக்குக்கு நான் எதிரானவன் இல்லை. படிக்கட்டில் ஆட்களை இறக்கும்போதும், மின் பலகையைத் திறந்து பார்க்கும்போதும், பார்க்கும் திசையிலேயே வெளிச்சம் விழுவது வசதி. புகை தடித்தவுடன் அதை அணைத்துவிட வேண்டும். கண்ணுக்கு மிக அருகில் இருப்பதால் வெண்திரையை உண்டாக்குவதில் அதுவே முதலிடம். நேருக்கு நேர் பேசும்போது எதிரில் இருப்பவரின் கண்ணைக் கூசவைப்பது அதன் இன்னொரு தொல்லை. சில மாதிரிகளில் பின்பக்கம் சிறிய நீல அல்லது பச்சை விளக்கு ஒன்று இருக்கும். பின்னால் வருபவர் முன்னால் செல்பவரைத் தவறவிடாமல் இருக்க அது உண்மையிலேயே உதவுகிறது. வேறு எந்த அலங்காரத்துக்கும் பணம் கொடுக்காதவர்கள் இதற்குக் கொடுக்கலாம்.

சுவிட்சைக் கையுறையோடுதான் சோதிக்க வேண்டும். கடைக்குப் போகும்போது எங்கள் தடித்த தோல் கையுறை ஒன்றைப் பையில் கொண்டுபோவேன். கடைக்காரர்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு அவர்களே ஒவ்வொன்றாக எடுத்துத் தருவார்கள். வெறுங்கையில் இலகுவாக அழுந்தும் சிறு பொத்தான், கையுறைக்குள் இருக்கும் விரலுக்கு இருக்குமிடமே தெரியாது. வால் பகுதியில் பொத்தான் உள்ள நேரான டோர்ச்சில் பிடியை மாற்றினால்தான் அதை அழுத்த முடியும். நமக்கு வேண்டியது, பார்க்காமலே கட்டைவிரலால் தடவிக் கண்டுபிடிக்கக்கூடிய பெரிய பொத்தானோ தள்ளும் நெம்போ. அதைவிட முக்கியம், ஒரு தடவை அழுத்தினால் முழு ஒளி வர வேண்டும் என்பது. முதல் அழுத்தலுக்கு மங்கல், அடுத்ததற்கு நடுத்தரம், அதற்கடுத்ததற்கு மின்மினிபோல விட்டுவிட்டு எரிதல் என்று வரிசையாக வரும் டோர்ச்சைக் கடையில் வாங்குபவர் விரும்புவார். இருட்டுப் படிக்கட்டில் நிற்பவர் திட்டுவார். புகைக்குள் விட்டுவிட்டு எரியும் ஒளி நிலைதடுமாறவும் செய்கிறது. பையிலோ அலமாரியிலோ தானாக அழுந்தி எரிந்து தீராதபடி சுவிட்சைச் சுற்றிச் சிறு வரம்பு இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உடல் பகுதி அலுமினியமா, கடினமான நைலோன் வகைப் பிளாஸ்டிக்கா என்ற கேள்விக்கு என் விடை பிளாஸ்டிக். அலுமினியம் சூட்டை விரைவாகக் கைக்குக் கடத்தும். அறுந்து தொங்கும் மின்கம்பியில் பட்டால் மின்சாரத்தையும் கடத்தும். பிளாஸ்டிக் என்றதும் உருகாதா என்று கேட்பார்கள். விலை குறைந்தது உருகும்தான். தீயணைப்பு உடைகளுக்கான அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ. 1971 தரநிலையில் (1971 என்பது ஆண்டல்ல, இலக்கம்; இப்போது அது என்.எஃப்.பி.ஏ. 1970 என்பதில் சேர்க்கப்பட்டிருக்கிறது), பொருளை 260 பாகை செல்சியஸ் சூட்டில் 5 நிமிடம் வைத்துப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. தீயணைப்புக்கென்றே செய்யப்பட்ட சில டோர்ச்சுகளின் விபரத்தாளில் அந்தச் சோதனையைக் கடந்ததாகக் குறிப்பிட்டிருப்பார்கள். எங்களைப் போன்ற குழுக்கள் அந்தளவு சூட்டுக்குள் போகவே கூடாது. இருந்தும் அந்தக் குறிப்பு இருந்தால் பொருளைச் செய்தவர் யாரை மனத்தில் வைத்துச் செய்தார் என்பது தெரிந்துவிடும். தண்ணீரைப் பொறுத்தவரை, நீரும் தூசியும் புகாத தன்மையைக் காட்டும் ஐ.பி. குறியைப் பார்க்க வேண்டும்: ஐ.பி.எக்ஸ்.4 என்றால் தெறிக்கும் நீரைத் தாங்கும், ஐ.பி.எக்ஸ்.7 என்றால் 1 மீற்றர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும், ஐ.பி.67 என்றால் அதனோடு தூசியும் புகாது. தானியங்கி நீர்த்தூவியும் தீயணைப்புக் குழாயும் வேலை செய்யும்போது கீழ்த்தளத்தில் தண்ணீர் தேங்கிவிடும் என்பதால் ஐ.பி.67க்குக் கீழே நான் இறங்குவதில்லை.

எரிவாயு விடயம் தனியாகக் கவனிக்கப்பட வேண்டியது. 2021ஆம் ஆண்டின் இறுதியில் நாட்டின் பல பகுதிகளில் சமையல் எரிவாயு வெடிப்புகள் அடுத்தடுத்துப் பதிவாகி, அவற்றை ஆராய ஜனாதிபதி ஒரு குழுவை நியமித்தபின், எங்கள் கட்டடத்தில் உள்ள உணவகத்தின் சிலிண்டர் அறையைப் பற்றி எல்லாரும் யோசிக்கத் தொடங்கினார்கள். காற்றில் ஏறத்தாழ 2 சதவீதம் கலந்தாலே அந்தச் சமையல் எரிவாயு (எல்.பி. வாயு) தீப்பற்றக்கூடியது, காற்றைவிடப் பாரமானது என்பதால் தரையோடு பரவி, வடிகாலிலும் கீழ்த்தளத்திலும் தேங்கும். சாதாரண டோர்ச்சின் சுவிட்சில் தோன்றும் சிறு பொறி அதற்குப் போதும். இதற்காகவே உள்ளியல்பிலேயே வாயுவைப் பற்றவைக்கக்கூடிய பொறி உண்டாகாதபடி, மின்சக்தி வரையறுக்கப்பட்டு வடிவமைக்கப்பட்ட டோர்ச்சுகள் இருக்கின்றன. ஐரோப்பிய அட்டெக்ஸ், பன்னாட்டு ஐ.ஈ.சி.எக்ஸ்., அமெரிக்க யூ.எல். ஆகிய சான்று முறைகளில் ஏதாவதொன்றின் முத்திரை உடலிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அட்டெக்ஸில் வலயம் 0 என்றால் வெடிக்கக்கூடிய வாயு எப்போதும் அல்லது நீண்ட நேரம் இருக்கும் இடத்துக்கும் ஏற்றது. வலயம் 1, வலயம் 2 என்பன படிப்படியாக ஆபத்துக் குறைந்தவை. டி4 என்பது மேற்பரப்பு 135 பாகைக்கு மேல் சூடாகாது என்பதைக் குறிக்கும். சான்று உள்ள டோர்ச்சிலும் குறிப்பிட்ட வகைப் பற்றரிகளை மட்டுமே போட வேண்டும் என்று லேபலில் எழுதியிருப்பார்கள். வேறு பற்றரியைப் போட்டால் அந்தச் சான்றுக்கு மதிப்பில்லை. வாயு மணக்கும் இடத்தில் பற்றரி மூடியைத் திறப்பதும், சார்ஜ் செய்வதும் எந்த டோர்ச்சிலும் கூடாது. எங்கள் குழுவில் உணவகத் தளத்துக்குப் பொறுப்பானவர்களிடம் மட்டும் இத்தகைய டோர்ச் இருக்கிறது. அவற்றின் கைப்பிடியில் சிவப்புப் பட்டி சுற்றியிருக்கிறோம். அவர்களும் வாசலுக்கு வெளியே வைத்தே டோர்ச்சைப் போட்டுக்கொண்டுதான் உள்ளே நுழைவார்கள். தொலைபேசி வெளியில் இருக்கும் மேசையில் வைக்கப்படும்.

அடுத்தது பற்றரி. இதைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் தகும். எங்கள் களஞ்சியத்தில் டோர்ச் எரியாமல் போன சந்தர்ப்பங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் பற்றரியும் அது தொடும் வில்லும்தான். கொழும்பின் ஈரப்பதத்திலும் கடற்காற்றிலும் வில்லில் பச்சையும் துருவும் படிகின்றன. போட்டபடியே மறந்துவிட்ட அல்கலைன் பற்றரி கசிந்து, வெண்மையான பொருக்கு உண்டாகி, மூடியைத் திறக்க முடியாமல் இறுகிவிடுகிறது. கசிவது காரம் என்பதால் பஞ்சில் சில துளி தேசிக்காய்ச் சாறோ வினாகிரியோ தொட்டுத் துடைத்து, ஈரத் துணியால் மீண்டும் துடைத்து, நன்றாக உலரவிட்டால் பல டோர்ச்சுகள் பிழைத்துக்கொள்ளும். கையில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மாதக்கணக்கில் தொடாமல் கிடக்கும் டோர்ச்சுக்கு ஏ.ஏ. அளவு லிதியம் பற்றரி சிறந்தது. நீண்ட காலம் சக்தியை இழக்காது, கசிவதும் அரிது, பாரமும் குறைவு. விலைதான் கடிக்கிறது. பழையதும் புதியதும், இரண்டு வகைப் பற்றரிகளும் ஒரே டோர்ச்சுக்குள் கலக்கக்கூடாது என்பதைக் காவலாளிகள் உட்பட எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறோம்.

சார்ஜ் செய்யும் டோர்ச் அன்றாடம் பயன்படுத்துபவர்களுக்கே உகந்தது. சுவரில் பொருத்திய தொட்டிலில் எப்போதும் ஏறிக்கொண்டிருந்து, எடுத்ததும் முழு சக்தியோடு இருக்கும் அமைப்பு இருந்தால் அதைவிட வசதி வேறில்லை. ஆனால் அமெரிக்கச் சந்தைக்கென்று வந்த மாதிரிகளின் சார்ஜர் 120 வோல்ற்றுக்கு மட்டும் உரியதாக இருக்கக்கூடும்; நம் 230 வோல்ற்றில் செருகினால் அத்தோடு சரி. கனடாவிலிருந்தோ வேறு நாட்டிலிருந்தோ வரும் உறவினரிடம் சொல்லி எடுப்பிப்பவர்கள் சார்ஜரின் சிற்றெழுத்தை முதலில் படம் எடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும். உதிரி லிதியம் அயன் பற்றரிகளை விமானத்தில் கைப்பையில்தான் கொண்டுவரலாம், பெட்டியில் போட்டு ஏற்றக்கூடாது என்பதையும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள். உள்ளூரில் தனியாக வாங்கும் 18650 பற்றரியில் 6,000, 9,900 மில்லி அம்பியர் மணி என்று அச்சிட்டிருந்தால் அதை வைத்துவிட்டு நடந்துவிடலாம். அந்த அளவில் நல்ல உற்பத்தியாளர்கள் விற்பவை பொதுவாக 2,500 முதல் 3,500 வரைதான் இருக்கும். கையில் எடுத்துப் பார்த்தாலே போலிப் பற்றரி பாரமில்லாமல் இருப்பது தெரியும்.

எங்களிடம் இப்போது இரண்டு வகையும் இருக்கின்றன. பாதுகாப்புப் பிரிவின் மேசைக்குப் பின்னால் சார்ஜ் தொட்டில்களில் நிற்பவை முதலில் ஓடுபவர்களுக்கு. ஒவ்வொரு தளத்து உபகரண அலமாரியிலும் ஏ.ஏ. பற்றரி போட்டவை, அவற்றோடு மூடி முத்திரையிட்ட ஒரு தொகுதி உதிரிப் பற்றரி. மின்சாரம் நீண்ட நேரம் இல்லாமல் போனால் தொட்டில் வெறும் கொளுவியாகிவிடும் என்பதை 2022 எல்லாருக்கும் கற்பித்துவிட்டதால் இந்த ஏற்பாட்டை யாரும் கேள்வி கேட்கவில்லை. உள்ளே போகும் ஒவ்வொருவரிடமும் மார்பு டோர்ச்சைத் தவிர இன்னொரு சிறு விளக்காவது இருக்க வேண்டும். இருவராகச் செல்பவர்கள், மூன்றாவது டோர்ச் ஒன்றை எரியவிட்டு வெளியேறும் கதவருகே தரையில் வைத்துவிட்டுப் போவார்கள். திரும்பும்போது அது வாசல் எங்கே என்று காட்டும்.

பதிவேட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை காலையில் காவலாளி ஒவ்வொரு டோர்ச்சையும் போட்டுப் பார்த்துக் கையெழுத்திடுவார். ஒரு நொடி எரிந்தால் போதும் என்று விட்டுவிட்டால் சாகும் தறுவாயில் உள்ள பற்றரியும் தேறிவிடும். ஆகவே எல்லாவற்றையும் போட்டு மேசையில் அடுக்கி வைத்துவிட்டுத் தேநீர் குடித்து முடித்தபின் மறுபடி பார்க்கும்படி சொல்லியிருக்கிறோம். மங்கியது தனியாகத் தெரிந்துவிடும். மாதத்துக்கு ஒரு தடவை மூடியைத் திறந்து வில்லையும் றப்பர் வளையத்தையும் பார்க்கிறோம். வளையம் காய்ந்து வெடித்திருந்தால் ஐ.பி.67 என்ற எழுத்து வெறும் எழுத்துதான், எனவே சிறிது சிலிக்கோன் களிம்பு பூசி வைக்கிறோம். சார்ஜ் செய்யும் டோர்ச்சுகளில் ஒன்றை மாறி மாறி எடுத்து அணையும் வரை எரியவிட்டு, எவ்வளவு நேரம் நின்றது என்று குறிக்கிறோம். புதிதாக வந்தபோது நின்ற நேரத்தில் பாதிக்குக் குறைந்தால் பற்றரியை மாற்றுகிறோம். மாற்றுப் பற்றரி தனியாகக் கிடைக்காத மாதிரியை வாங்காமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வீங்கிய லிதியம் பற்றரியை மீண்டும் சார்ஜில் போடக்கூடாது. முனைகளில் இன்சுலேசன் பட்டி ஒட்டி, மணல் போட்ட தகர வாளியில் வைத்து, மின்னணுக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுக்கிறோம்.

விலை ஒரு பெரிய தடை என்பதை மறுக்க முடியாது. சான்று பெற்ற, தீயணைப்புக்கென்றே செய்யப்பட்ட ஒரு டோர்ச்சின் விலைக்குக் கடைத்தெருவில் பல டோர்ச்சுகள் வாங்கலாம். விலைமனு மூன்று வேண்டும் என்ற விதியின்படி குறைந்த விலையைத்தான் நிர்வாகம் கேட்கும். விலைமனு கோரும்போதே கன்டெலா, ஐ.பி.67, கையுறையோடு இயங்கும் சுவிட்ச், உள்ளூரில் பெறக்கூடிய பற்றரி, 230 வோல்ற் சார்ஜர், சான்றிதழின் பிரதி ஆகியவற்றைக் குறைந்தபட்சத் தேவைகளாக எழுதிவிட்டால், பொருந்தாதவை விலைப் போட்டிக்கே வராது. மாதிரி ஒன்றை ஒரு கிழமை வைத்துப் பார்க்கத் தருவார்களா என்று கேளுங்கள். தர மறுக்கும் விநியோகத்தர் பின்னர் உத்தரவாதத்துக்கும் அலைய வைப்பார். பணம் எல்லாருக்கும் போதாதென்றால், எரிவாயு உள்ள தளத்துக்குச் செல்பவர்களுக்குச் சான்று பெற்றவற்றை முதலில் வாங்குங்கள். அடுத்துத் தளங்களைத் தேடிப் பார்க்கும் இருவருக்கும் செங்கோண டோர்ச். படிக்கட்டில் நின்று ஆட்களை இறக்குபவர்களுக்குப் பரந்த ஒளி தரும் சாதாரண எல்.இ.டி. டோர்ச் தாராளமாகப் போதும், ஏனெனில் அங்கே காட்ட வேண்டியது படிகளைத்தான். எங்கள் கட்டடத்தில் அந்த மூன்றாவது வகையை முதலாம் குறுக்குத் தெருவிலேயே வாங்கினோம், அதே நானாவிடம்தான். கையுறையைக் கண்டதும் பெரிய பொத்தான் உள்ளவற்றை அவரே முன்னால் எடுத்து வைத்தார்.